பூக்களுக்கு அடியில்: சந்தியாகோ நகரம் பற்றி ஒரு குறிப்பு

சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். பயணக் கட்டுரை எனக்கு வராது. எங்கே தங்கினோம், என்ன சாப்பிட்டோம், டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்த ஊரில் பார்த்த சில விஷயங்கள் திரும்பி வந்த பிறகும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தன. எதைத் திறந்து காட்டுகிறார்கள், எதை மூடி வைக்கிறார்கள், ஏன்? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. நகரத்துக்கு எழுதிய விமர்சனம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் நடந்து போகவில்லை. நடந்தது அக்கா. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். ஐம்பது வயது தாண்டியதும் திடீரென்று ஒருநாள் ஃபோன் பண்ணி, "சாரியாவுலேர்ந்து நடக்கப்போறேன்டா" என்றாள். சாரியா என்பது சந்தியாகோவிலிருந்து ஏறக்குறைய 115 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிற்றூர். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்தால்தான் 'கொம்போஸ்தெலா' என்கிற யாத்திரைச் சான்றிதழ் கிடைக்கும். அதனால் நிறையப் பேர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அவள் ஆறு நாள் நடந்தாள். நான் மாத்ரிதிலிருந்து ரயில் ஏறிப் போய் அவளுக்காகக் காத்திருந்தேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. "உனக்கு எதுக்குக்கா இது?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "அங்க ஒரு தூண் இருக்குடா. எண்ணூறு வருஷமா வர்றவங்க எல்லாம் கை வெச்சு வெச்சு, கல்லு அஞ்சு விரலு அளவுக்குக் குழிஞ்சு போச்சாம். அதுல நானும் ஒரு தடவை கை வெக்கணும்."

அந்தத் தூணைத் தொட முடியாது என்பது எனக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை.

சதுக்கத்தில் இரண்டு சந்தியாகோக்கள்

இயேசுவின் சீடர்களில் ஒருவரான யாக்கோபுவின் கல்லறை இங்கே இருக்கிறது என்பதுதான் இந்த ஊரின் ஆதாரக் கதை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று அழைக்கும் அதே புனிதர்தான். நம்ம ஊர்க் கடற்கரைகளில் சந்தியாகு என்று பெயர் வைத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெலாயோ என்ற துறவி வானத்தில் ஒளியைக் கண்டதாகவும், இரியா ஃபிளாவியாவின் ஆயர் தெயோதொமீரோ வந்து கல்லறையை உறுதிப்படுத்தியதாகவும் மரபு சொல்கிறது. அதன்மேல் எழுந்த கோயில்களின் வரிசையில் இன்று நிற்கும் பேராலயம் 1075-இல் தொடங்கப்பட்டது.

யாத்திரை வந்து முடியும் இடம் ஒப்ரதோய்ரோ சதுக்கம். பெரிய கல் பாவிய வெளி. வந்து சேர்கிறவர்கள் முதுகுப்பையைத் தலைக்கு வைத்து அப்படியே கல்லில் மல்லாந்து படுத்துவிடுகிறார்கள். சிலர் அழுகிறார்கள், சிலர் செல்ஃபி எடுக்கிறார்கள், பலர் இரண்டையும் செய்கிறார்கள். அக்காவும் வந்தாள், படுத்தாள். காலில் கொப்புளத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சுற்றிப் பார்த்தேன். கிழக்கே பேராலயத்தின் முகப்பு. அதன் உச்சியில் சந்தியாகோ, யாத்திரிகர் வேஷத்தில், தடியோடு நிற்கிறார். நேர் எதிரே மேற்கில் ராஷோய் மாளிகை. 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இன்று நகராட்சி அங்கேதான். அதன் உச்சியிலும் சந்தியாகோ! ஆனால் இவர் குதிரைமேல், வாளோடு. கீழே முக்கோண முகட்டில் கிளாவிஹோ போர் செதுக்கப்பட்டிருக்கிறது. 844-இல் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தப் போரில், சந்தியாகோ வெள்ளைக் குதிரையில் தோன்றி மூர்களை வெட்டிச் சாய்த்தார் என்பது கதை. மூர்கள் என்றால் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஐபீரியாவின் பெரும்பகுதியை ஆண்ட முஸ்லிம்கள். அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை என்பதுதான் வரலாற்றாய்வாளர்களின் பொதுவான முடிவு.

ஆக, ஒரே ஆள், ஒரு பக்கம் நடந்து வந்த களைப்போடு, மறு பக்கம் வெட்டும் வாளோடு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் அக்கா மாதிரி நூற்றுக்கணக்கான பேர் ஷூவைக் கழற்றிப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் கேமராவைத் திருப்புவது கிழக்குப் பக்கம் மட்டும்தான். நானும் முதல் நாள் அப்படித்தான் செய்தேன்.

காப்பாற்றிய முகப்பு

எல்லோரும் படம் எடுக்கும் அந்த முகப்பு, உண்மையில் ஒரு உறை. ஃபெர்னாந்தோ தெ காசாஸ் நோவோவா 1738-க்கும் 1750-க்கும் இடையில் கட்டிய பரோக் வேலை. ஸ்பெயினின் 1, 2, 5 சென்ட் யூரோ நாணயங்களில் இருப்பது இதுதான். இதற்குப் பின்னால், அதைவிட ஐந்நூறு வருடத்துக்கும் மேல் பழைய வாசல் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் போர்த்திகோ தெ லா குளோரியா, மகிமையின் வாசல். மாஸ்டர் மாத்தேயோ என்ற சிற்பியும் அவருடைய பட்டறையும் செய்தது. 1168-இல் லெயோன் அரசர் இரண்டாம் ஃபெர்னாந்தோ அவருக்கு வாழ்நாள் ஊதியம் ஒதுக்கினார். வாசல் உத்தரத்தில் 1188 என்று ஆண்டு பொறித்திருக்கிறது.

மூன்று வளைவுகள். நடு வளைவில் கிறிஸ்து, அவரைச் சுற்றி 24 மூப்பர்கள் கையில் இசைக்கருவிகளோடு. யாரும் விறைப்பாக இல்லை. பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டு, கச்சேரி ஆரம்பிக்கும் முன் சுருதி சேர்ப்பதுபோல் இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் 'ஒர்கானிஸ்த்ரும்' நடு உச்சியில் இருக்கிறது. பக்கவாட்டில் தானியேல் தீர்க்கதரிசி சிரிக்கிறார். 12-ஆம் நூற்றாண்டுக் கல்லில் அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

பரோக் முகப்பைப் பற்றிப் பொதுவாக இரண்டு கருத்துகள் உண்டு. பழைய அழகை மறைத்துவிட்டார்கள் என்பது ஒன்று. காப்பாற்றினார்கள் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. கலிசியா என்பது மழை கொட்டும் நாடு. முகப்பு இல்லாமல் அந்தச் சிற்பங்கள் இன்னும் சில நூற்றாண்டு மழையில் நனைந்திருந்தால் சிரிப்பெல்லாம் கரைந்திருக்கும். காசாஸ் நோவோவா வெறும் சுவர் எழுப்பி மூடவும் இல்லை. பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல்கள் வைத்தார், உள்ளே மாத்தேயோவின் வாசலில் வெளிச்சம் விழ. மூடுகிறவனுக்கு உள்ளே இருப்பதன் மதிப்பு தெரிந்திருந்தது.

ஆனாலும் ஈரம் விடவில்லை. கூரையிலும் கோபுரங்களிலும் கசிந்த தண்ணீர் உள்ளே இறங்கியது, கல்லில் உப்புப் பூத்தது, வண்ணம் செதில் செதிலாக உரிந்தது. ஆமாம், வண்ணம். நாம் சாம்பல் கல்லாக நினைத்துக்கொண்டிருப்பதன்மேல் வெவ்வேறு காலங்களில் பூசிய வண்ண அடுக்குகள் இருந்தன. லாபிஸ் லாசுலி நீலமும் தங்கத் தகடும் உட்பட. பத்தாண்டுக்கும் மேல் நீண்ட சீரமைப்பு வேலை 2018-இல் முடிந்தது. இப்போது உள்ளே போவதற்கு நேரம் குறித்த டிக்கெட். சின்னச் சின்னக் குழுக்களாகத்தான் விடுகிறார்கள்.

நடு வளைவைத் தாங்கும் பளிங்குத் தூண்தான் அக்கா தேடிவந்தது. ஈசாயின் மரம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. மேலே சந்தியாகோ தடியோடு உட்கார்ந்திருக்கிறார். கீழே, இடுப்புக்கு மேல் உயரத்தில், கொடிகளுக்கு நடுவே ஐந்து குழிகள். ஒரு கை வைத்து எடுத்த அச்சுபோல. யாரும் செதுக்கியதில்லை. வந்தவர்கள் வந்தவர்கள் வைத்த கை. தூணுக்குப் பின்புறம், பலிபீடத்தைப் பார்த்து மண்டியிட்டிருக்கும் ஒரு சின்ன உருவம் உண்டு. மாத்தேயோவே தன்னைச் செதுக்கிக்கொண்டது என்பார்கள். மாணவர்கள் அதன் தலையில் தங்கள் தலையை முட்டினால் புத்தி வரும் என்று நம்பிக்கை. அதையும் இப்போது முட்ட முடியாது.

அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சி.

"தெரியும்ல உனக்கு?"

"தெரியும்க்கா."

"சொல்லியிருந்தா நடந்திருக்க மாட்டேன்னு நெனச்சியா?"

பதில் சொல்ல முடியவில்லை. நான் அந்த இடத்தில் நின்று மனதுக்குள் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். 'யாத்திரையை அருங்காட்சியகம் விழுங்கிவிட்டது, தொடுதலைப் பார்வை கொன்றுவிட்டது' என்கிற மாதிரி. கொஞ்சம் சூடாகவே. அக்காதான் அதைக் கலைத்தாள். வெளியே வந்து பிளாஸ்திரியை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "நல்லதுதான் செஞ்சிருக்காங்க. இத்தனை பேரு தொட்டா எது தாங்கும்? நான் வார்டுல தெனமும் சொல்றதுதான் இது, ஆறுற வரைக்கும் தொடாதீங்கன்னு."

கணக்கும் அவள் பக்கம்தான். 1980-களில் நடந்து வந்து சான்றிதழ் வாங்கியவர்கள் வருடத்துக்குச் சில ஆயிரம் பேர். 2024-இல் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட 5 லட்சம். நகரத்தின் மக்கள்தொகையே ஒரு லட்சத்தை ஒட்டித்தான். பஸ்ஸிலும் விமானத்திலும் வருகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை. இடைக்காலத்தில் வந்த கைகளை வைத்து இன்றைய கைகளை நியாயப்படுத்த முடியாது.

என்றாலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. தொடக்கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த வாசல் இன்று வாசலாகவே இல்லை. பேராலயத்தின் கதவுகள் இரவும் பகலும் மூடுவதில்லை என்று கோதெக்ஸ் காலிக்ஸ்தீனுஸ் என்ற 12-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு பெருமையோடு சொல்கிறது. மாத்தேயோ கட்டிய வாசலுக்கும் 16-ஆம் நூற்றாண்டு வரை கதவு கிடையாது. நடந்து வந்தவன் மேலே பார்த்தால் கச்சேரி தொடங்கப் போகும் மூப்பர்கள், பக்கத்தில் சிரிக்கும் தானியேல், நேரே உள்ளே போனால் பலிபீடம். அந்த வரிசைக்காகவே செதுக்கியது அது. இன்று யாத்திரிகர்கள் பக்கத்து வாசலால் கோயிலுக்குள் போகிறார்கள். மகிமையின் வாசலுக்குத் தனி வழி, தனி நேரம். சிற்பம் பிழைத்தது, வாசல் போயிற்று. இது தவிர்க்கவே முடியாததா என்று எனக்குச் சந்தேகம். தடுப்புக்கு நடுவே ஒரு பாதை விட்டு, தினம் ஒரு மணி நேரமாவது நடந்து வந்தவர்களை அதன் வழியாக உள்ளே விடலாம். கை பட வேண்டாம், கால் படட்டும்.

இடம் மாறிய கற்கள்

மூடுவதும் மாற்றுவதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. தெற்கே பிராத்தெரியாஸ் சதுக்கத்துக்கு வந்தால் பேராலயத்தின் ரோமனெஸ்க் காலத்து முகப்புகளில் மிஞ்சிய ஒன்றே ஒன்றைப் பார்க்கலாம். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. உற்றுப் பார்த்தால் சிற்பங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல், கிடைத்த இடத்தில் செருகியதுபோல் இருக்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வடக்கு வாசலிலிருந்து எடுத்த துண்டுகளும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டன.

அதில் ஒரு பெண் உருவம் மடியில் மண்டையோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோதெக்ஸில் உள்ள யாத்திரை வழிகாட்டி இவளைப் பற்றிச் சொல்லும் கதை கொடூரமானது. கணவனை ஏமாற்றியவளாம். கணவன் அவள் காதலனின் தலையை வெட்டி, அந்த அழுகிய தலையைத் தினமும் இரண்டு முறை முத்தமிட வைத்தானாம். இது எவ்வளவு அழகான தண்டனை, எல்லோருக்கும் சொல்ல வேண்டியது என்கிற தொனியில் அந்த நூல் எழுதுகிறது. சிற்பி உண்மையிலேயே அதைத்தான் செதுக்கினானா என்று கலை வரலாற்றாளர்களிடையே வாதம் உண்டு. என்னைக் கேட்டால், சிற்பத்தைவிட அந்த விளக்கம்தான் அந்தக் காலத்தை அதிகம் காட்டிக்கொடுக்கிறது. கவனியுங்கள், அவளை யாரும் பூ வைத்து மறைக்கவில்லை. ஒன்பது நூற்றாண்டாக வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவன் கேட்கலாம், விவாதிக்கலாம், முகம் சுளிக்கலாம்.

அதே சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் காசா தோ கபில்தோ. 1758-இல் கட்டிய அலங்காரமான கல் வீடு. முன்னால் நின்று பார்த்தால் மாளிகை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலு மீட்டரைத் தாண்டாத ஆழம். சதுக்கத்துக்கு ஒரு அழகான நாலாவது பக்கம் வேண்டும் என்பதற்காகவே வைத்த நாடகத் திரை அது. எனக்கு அது பிடித்தது. ஏமாற்றுகிறது, ஆனால் பத்து அடி நடந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இன்னும் கிழக்கே கின்தானா சதுக்கத்தில் புனித வாசல். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் புனித ஆண்டுகளில் மட்டும் திறப்பார்கள். அடுத்தது 2027. அதன் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் 24 உருவங்கள், மாத்தேயோ பட்டறை கோயிலுக்குள் செய்த கல் பாடகர் மேடையிலிருந்து வந்தவை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடை பழசாகிவிட்டது என்று பிரித்துப் போட்டார்கள். கற்களைத் தூக்கியெறியாமல் வாசலுக்கு வைத்தார்கள்.

இதையெல்லாம்விட நன்றாக மூடியது கல்லறையைத்தான். 1589-இல் டிரேக்கின் ஆங்கிலேயப் படை பக்கத்தில் ஆ கொருன்யாவைத் தாக்கியபோது, பேராயர் எலும்புகளை ஒளித்து வைத்தார். ஒளித்த இடம் பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. 290 வருடம்! அத்தனை காலமும் யாத்திரிகர்கள் இருக்கிற இடம் தெரியாத எலும்புகளை நோக்கி நடந்து வந்தார்கள். 1879-இல் பலிபீடத்துக்குப் பின்னால் தோண்டி எடுத்தார்கள். 1884-இல் போப் பதின்மூன்றாம் லியோ அவை அப்போஸ்தலருடையவைதான் என்று அறிவித்தார். வரலாற்றாய்வாளருக்கு அது ஆதாரம் ஆகாது. ஆனால் 1955-இல் தரைக்கு அடியில் தோண்டியபோது கிடைத்த கல்லறைக் கல் ஒன்று ஆதாரம்தான். ஆயர் தெயோதொமீரோவுடையது, 847 என்ற ஆண்டோடு. அதுவரை அவர் வெறும் கதாபாத்திரமோ என்று சந்தேகித்தவர்கள் உண்டு. கதையில் வரும் சாட்சி உண்மையான மனிதர் என்பது தெரிந்தது. அவர் பார்த்தது யாரை என்பது தெரியவில்லை.

பூக்கள்

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

பேராலயத்துக்குள், வடக்குப் பக்கத்தில், ஒரு சிலை. 18-ஆம் நூற்றாண்டில் ஹொசே காம்பினோ செய்தது. வெள்ளைக் குதிரை முன்கால் தூக்கிப் பாய்கிறது. மேலே சந்தியாகோ, ஓங்கிய வாள். பெயர் சந்தியாகோ மதாமோரோஸ். மூர்களைக் கொல்பவர் என்று பொருள். குதிரையின் காலடியில் பார்த்தேன். பூக்கள். அடர்த்தியாக, வெள்ளையும் பச்சையுமாக.

"அழகா இருக்குல்ல" என்றாள் அக்கா. "குதிரை பூந்தோட்டத்துல பாயுற மாதிரி."

பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். வெட்டுப்பட்டு விழுந்து கிடக்கும் மூர்கள். அவளுக்கு முகம் மாறியது. ராஷோய் மாளிகை உச்சியில் இருப்பதும் இவரேதான் என்றேன். "அங்க மறைக்கலையே?" என்றாள். அங்கே உயரம் அதிகம், பூ வைக்க முடியாது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தால் அது வேடிக்கை இல்லை என்று பட்டது.

2004-இல் இந்தச் சிலையை அருங்காட்சியகத்துக்கு மாற்றப்போவதாக ஒரு அறிவிப்பு வந்தது. அந்த மார்ச் மாதம்தான் மாத்ரித் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். சிலையை மாற்றுவதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. முடிவைக் கைவிட்டார்கள். சிலை இருந்த இடத்திலேயே இருந்தது, பூவோடு.

பூவுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது வழிபாட்டுத் தலம். கும்பிட வருகிறவர்கள் முன்னால் வெட்டுண்ட உடல்களை வைக்க வேண்டுமா? முஸ்லிம் ஒருவர் உள்ளே வந்தால் அவர் மனம் நோகாதா? சிலையை அகற்றினால் ஒரு தரப்பு கொதிக்கும், அப்படியே காட்டினால் இன்னொரு தரப்பு புண்படும். பூ வைத்தால் யாருக்கும் சண்டை இல்லை. நாகரிகமான சமரசம்.

ஆனால் இந்தச் சமரசத்தில் எனக்கு உடன்பாடில்லை. பூ குதிரை வீரனை மறைக்கவில்லை, வாளையும் மறைக்கவில்லை. வெட்டுப்பட்டவர்களை மட்டும்தான் மறைக்கிறது. வெட்டுகிறவர் வீரராக மிச்சமிருக்கிறார், யாரை வெட்டுகிறார் என்பது மட்டும் காணாமல் போகிறது. அக்கா பார்த்த காட்சி அதுதானே? பூந்தோட்டத்தில் பாயும் குதிரை. உண்மையான சிலையைவிட இது ஆபத்தான படம் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையான சிலை குறைந்தபட்சம் தான் என்ன என்று சொல்கிறது.

இந்த உருவம் சும்மா ஒரு மூலையில் கிடந்த பழங்கதையும் இல்லை. ஸ்பானியர்கள் இதை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரு நாட்டுப் பக்கம் குதிரையின் காலடியில் மூர்களுக்குப் பதில் பூர்வகுடிகள் கிடந்தார்கள். பெயர் 'மத்தாயிந்தியோஸ்' ஆயிற்று. 1937-இல் உள்நாட்டுப் போர் நடுவே ஃபிராங்கோ சந்தியாகோவை மீண்டும் ஸ்பெயினின் காவலர் என்று ஆணையிட்டு அறிவித்தார். அந்த நேரம் அவர் படையில் மொராக்கோ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மூர்களைக் கொல்பவரின் பெயரால் மூர்களை வைத்துப் போரிட்டார்! இவ்வளவும் அந்தப் பூவுக்கு அடியில் இருக்கிறது.

மறு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 997-இல் கோர்தோபாவின் தளபதி அல்மன்சூர் இந்த ஊரைச் சூறையாடினார், கோயிலை இடித்தார். கல்லறையைத் தொடவில்லை என்கிறார்கள். கோயில் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுபோனதாக மரபு. 1236-இல் கோர்தோபா கிறிஸ்தவர்கள் கைக்கு வந்ததும், அதே மணிகள் முஸ்லிம் கைதிகளின் தோளில் திரும்பி வந்தனவாம். அந்த இரண்டு பயணங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். குதிரையின் காலடியில் கிடப்பவர்களைக் காட்டினால்தான் அதைச் சொல்ல ஆரம்பிக்கவே முடியும்.

எனவே என் கருத்து இதுதான். ஒன்று, சிலையை அருங்காட்சியகத்தில் வைத்து, கிளாவிஹோ கட்டுக்கதை என்பதையும் அது எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுதலாம். அல்லது இருக்கிற இடத்திலேயே பூவை எடுத்துவிட்டு, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று விடலாம். மண்டையோட்டுப் பெண்ணைப் பார்த்து நாம் உடைந்துபோகவில்லை. இதையும் தாங்குவோம்.

அன்று மாலை அக்காவிடம் இதைச் சொல்லி, காலையில் அவள் தூணைப் பற்றிச் சொன்னதையே நினைவூட்டினேன். ஆறுகிற வரை தொடாமல் மூடி வைப்பது சரி என்றால் பூவும் சரிதானே, நான் ஏன் ஒன்றை ஏற்கிறேன், இன்னொன்றை எதிர்க்கிறேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. அவள் ரொம்ப யோசிக்கவில்லை. "புண்ணைப் பாத்து, கழுவி, மருந்து வெச்சுதான் கட்டுப் போடுவோம். அங்க பாக்கவே இல்லையே. பாக்காம கட்டுனா உள்ள சீழ் வெக்கும்" என்றாள்.

மாத்தேயோவின் வாசலைப் பத்தாண்டுக்கும் மேல் ஆய்வு செய்து, எங்கே கசிகிறது, எந்த அடுக்கு எந்தக் காலம் என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் தடுப்பு வைத்தார்கள். குதிரையின் காலடியில் பூ மட்டும்தான் வைத்தார்கள்.

போகிறவர்களுக்கு

நீங்கள் போனால் எல்லோரும் பார்ப்பதைப் பாருங்கள், தப்பில்லை. பெரிய தூபக்கலசமான பொத்தாஃபுமெய்ரோ ஆடினால் பாருங்கள். 50 கிலோவுக்கு மேல் எடை, எட்டுப் பேர் கயிறு இழுக்க, கூரையைத் தொடுவதுபோல் பறக்கும். எல்லாப் பூசையிலும் ஆடாது. நடந்து வந்தவர்களின் வியர்வை நாற்றத்தை மறைக்க வந்த வழக்கம் என்று சொல்வார்கள். சதுக்கத்தின் வடக்கே அரசர்கள் யாத்திரிகர்களுக்காக 1499-இல் ஆணையிட்டுக் கட்டிய மருத்துவமனை, 1954 முதல் ஆடம்பர ஹோட்டல். அதன் வாசல் சிற்பங்களை வெளியில் நின்றே ரசிக்கலாம், காசு கேட்க மாட்டார்கள்.

ஆனால் சதுக்கத்தில் படுத்திருக்கும்போது ஒரு தடவை தலையைத் திருப்பி மேற்கேயும் பாருங்கள். கோயிலுக்குள் பூக்களைப் பார்த்தால், அடியில் யார் என்று கூட வந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை பஸ் ஏறும் முன் அக்கா இன்னொரு தடவை பேராலயத்துக்குப் போனாள். பக்கத்து வாசலில் நுழையும்போது, அங்கே இருந்த ஒரு சாதாரணக் கருங்கல் தூணில் கையை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எந்தச் சிற்பமும் இல்லாத தூண். தடுப்பும் இல்லை.

"இதுல ஆரம்பிக்கட்டும்" என்றாள். "இன்னும் எண்ணூறு வருஷத்துல குழி விழும்."